தீவுப் பயணமும் நம் கட்டுரைக் கடலும்

நம் நாட்டுப் பள்ளி மலர்களையும் சங்கங்களின் ஆண்டு மலர்களையும் புரட்டுவோர் ஒரு கட்டுரையை மீண்டும் மீண்டும் சந்திப்பர். அதன் தலைப்பு மாறும், உடல் மாறாது. விடுமுறை நாளொன்றில் நண்பர்கள் கூடுகின்றனர். பேருந்து புறப்படுகிறது. படகில் ஏறித் தீவொன்றின் கரையில் இறங்குகின்றனர். நீராடுகின்றனர், உண்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர். மாலையில், 'வாழ்நாளில் மறக்க முடியாத இனிய அனுபவம்' என்று எழுதி வீடு திரும்புகின்றனர்.

இவ்வகைக் கட்டுரையைத் திறனாய்வுக்கு உரிய பொருளாக எவரும் கருதுவதில்லை. சிறுகதைக்கு ஆய்வரங்கம் உண்டு. புதுக்கவிதைக்குக் கருத்தரங்கம் உண்டு. நாவலுக்குப் பரிசும் உண்டு. பயணக் கட்டுரையோ பக்கம் நிரப்பும் பண்டமாகவே இருந்து வருகிறது. ஆயினும் நம் மாணவருள் பெரும்பாலோர் தாம் கண்ட ஒன்றைத் தம் சொல்லில் சொல்ல முதன்முதலாக முயல்வது இக்கட்டுரையில்தான். அங்கே அவர்கள் கற்றுக்கொள்ளும் பழக்கம் பிற்காலத்தில் அவர்கள் எழுதும் கதைக்கும் கவிதைக்கும் உடன் செல்கிறது. ஆதலின் இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

முதற்கண் கதிரவனைக் கவனிப்போம். கிள்ளான் வட்டாரத்து மாணவர் ஒருவர் மோரிப் கடற்கரைக்குச் சென்று வந்து கட்டுரை எழுதுகிறார். கடலின் நடுவிலிருந்து செங்கதிரோன் தங்கத் தட்டெனக் கிளம்புகிறான் என்பது அவருடைய முதல் வாக்கியம். மோரிப், மலாக்கா நீரிணையை நோக்கி மேற்கே பார்த்திருக்கும் கரை. அங்கே ஞாயிறு கடலில் மறையுமேயன்றிக் கடலில் எழாது. காலை வெயில் கடலாடுவோரின் முதுகுப்புறத்தில், தரைப்பக்கத்து மரங்களுக்கு மேலாகத்தான் வரும். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் முதலிய கிழக்குக் கரைத் தீவுகளுக்குச் சென்று வந்தவர் இவ்வாறு எழுதினால் குற்றமில்லை. ஆனால் அக்கரையை வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் பிப்ரவரி வரை அலைக்கழிக்கும். படகுப் போக்குவரத்தும் பெரிதும் நின்றுவிடும். ஆகவே ஆண்டிறுதி நாள்களில் கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் நம்மவர் மேற்குக் கரைத் தீவுகளையே நாடுகின்றனர். எழுதும்போது மட்டும் கிழக்கே திரும்பிக்கொள்கின்றனர்!

இந்தக் கடல் எங்கிருந்து வந்தது? சந்தேகமின்றிச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. சென்னை மெரீனாவிலும் நாகையிலும் நின்று எழுதியவர்களுக்குக் கதிரவன் உண்மையாகவே கடலில் எழுந்தான். அவர்கள் கண்டதை எழுதினார்கள். அந்த வாக்கியங்கள் மாதிரிக் கட்டுரை நூல்களில் ஏறி, ஆசிரியர் குறிப்பேட்டில் இறங்கி, கரும்பலகை வழியே நம் மாணவரின் ஏட்டை அடைந்தன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் கைவிடப்பட்டது. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை நாம் கைவிட்டபாடில்லை. வாக்கியத்தை மட்டுமன்று, அதனுடன் ஒரு நிலப்படத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம் என்பதை நாம் உணர்வதில்லை.

கடலின் நிறமும் அவ்வாறே. கிள்ளான் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் நீர் நீலமாக இராது. மண்ணும் சேறும் கலந்து பழுப்பாக இருக்கும். கரையில் வெண்மணல் இல்லை. வேர்களைக் கால்களாக ஊன்றி நிற்கும் மரங்கள் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில், பெருக்கு நாள்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கும். காலையில் ஒரே அடியில் படகில் கால் வைத்தவர், நீர் வற்றிய வேளையில் திரும்பி வந்தால் படியிறங்கியே வைக்க வேண்டியிருக்கும். சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே. ஆகவே இரவல் வாக்கியங்களில் ஓதம் என்ற ஒன்றே இல்லை. நம் மாணவர் கட்டுரைகளிலும் இல்லை. மோரிப்பில் நீர் வற்றும்போது கடல் நெடுந்தொலைவு பின்வாங்கிச் சேற்றுப் பரப்பு வெளிப்படுவதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, 'அலைகள் ஓயாது கரையை முத்தமிட்டன' என்று எழுதி மதிப்பெண் பெறுகிறது.

இதைச் சொன்னவுடன், தமிழ் மரபை விட்டுவிடச் சொல்கிறோம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. எம் வாதம் இதற்கு நேர்மாறானது. இரவல் வாக்கியங்கள் மரபே அல்ல. மரபின் மீது படிந்த தூசு. நெய்தல் திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. அச்சொல்லுக்கு வேறு பொருள் கொண்டாரும் உளர். எனினும் பொழுது சாயும் வேளை என்பதே பெரும்பாலோர் கொண்ட பொருள். ஆகவே மோரிப்பில் மாலை வேளையில் அமர்ந்து, நீரிணையில் ஞாயிறு இறங்குவதைக் காணும் கிள்ளான் மாணவர் நெய்தலின் பொழுதுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார். அவரைப் பிடித்திழுத்து விடியற்காலைக்குக் கொண்டுபோவது நம் கட்டுரைப் பயிற்சிதான்.

மரங்களும் இதே கதையைச் சொல்கின்றன. நெய்தற் பாடல்களில் வரும் கண்டல் என்பது உப்பங்கழியில் வேரூன்றி நிற்கும் மரம். மலாய்க்காரர் பாக்காவ் என்பதும் அவ்வினமே. கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகின் இருமருங்கிலும் அதுவே நிற்கிறது. புன்னையை மலாய்மொழி பெனாகா லாவுட் என்கிறது; தீவுக் கரைகளில் அதன் நிழலில்தான் நம்மவர் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கின்றனர். தாழையும் அங்கே உண்டு. இம்மூன்றையும் இலக்கியப் பாடத்தில் மனப்பாடம் செய்த மாணவர், அவற்றின் அடியில் அமர்ந்து உண்டு எழுந்து வந்து, 'பெயர் தெரியாத மரங்கள் தலையசைத்து வரவேற்றன' என்று எழுதுகிறார். கருப்பொருளைப் பட்டியலாகக் கற்பித்தோம், மரமாகக் காட்டவில்லை. அதற்காகத் தனி நாள் ஒதுக்க வேண்டியதில்லை. சுற்றுலா நாளிலேயே ஒரு புன்னை இலையைப் பறித்துக் கையில் கொடுத்தால் போதும்.

இனிப் படகுக்கு வருவோம். லங்காவியின் குவா துறையிலிருந்து பாயார் தீவுக்கு ஒருநாள் பயணம் போவோர் பெரும்பாலும் இரண்டு ஒடுங்கிய உடல்களின்மேல் அகன்ற தளம் அமைந்த விரைவுக் கலத்தில் செல்கின்றனர். விளம்பரத் தாள்கள் அதனைக் 'கேட்டமரான்' என்கின்றன. நம் கட்டுரைகளில் அது கேட்டமரான், கட்டமரான், கத்தாமரான் என்று பலவாறு உருக்குலைந்து வருகிறது. எழுதுவோருள் பலர் அது தம் வீட்டுச் சொல் என்பதை அறியார். அறிந்தவரோ, 'உலகுக்கே சொல் தந்த மொழி எம்மொழி' என்று ஒரு பத்தி பெருமிதம் கொள்கின்றனர். இரண்டாமவரைக் கண்டே எமக்கு அச்சம் மிகுதி.

கட்டுமரம் என்பது யாது? உட்குடைவு இல்லாத மரத்துண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்த மிதவை. நீர் அதன்மேல் ஏறும். கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கும். இறைத்து ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. அலை உடையும் திறந்த கரையிலிருந்து கடலுக்குள் புக அதனை விஞ்சிய கலம் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன்னர், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு சென்றோர் இக்கட்டுமரக்காரரே. டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697 இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. பின்னர் ஆங்கிலேயர் பல நாட்டு மிதவைகளுக்கும் அப்பெயரை இட்டனர். பசிபிக் தீவினர் இரண்டு ஓடங்களை இணைத்துக் கட்டிய கலத்துக்கும் அது சென்றது. அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்பார் 1876 இல் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடற் பாய்க்கலத்தைக் கட்டிப் போட்டியில் மற்றவற்றை முந்தச் செய்த பின்னர், அப்பெயர் இரட்டை உடலுக்கே நிலைத்தது. லங்காவியில் நாம் ஏறும் கலம் வடிவால் அந்தப் பசிபிக் ஓடங்களுக்கு உறவு. பெயரால் மட்டுமே நமக்கு உறவு.

ஆகவே அக்கலத்தைக் 'கட்டுமரம்' என்றே எழுதுக என்று திருத்தும் ஆசிரியர், பற்றினால் பிழை செய்கிறார். படிப்போர் மனத்தில் அலையில் நனைந்த மீனவர் தோன்றுவாரேயன்றிக் குளிரூட்டிய அறையில் அமர்ந்த சுற்றுலாக் கூட்டம் தோன்றாது. இரண்டு ஓடங்களை இணைத்தாற்போன்ற விரைவுப் படகு என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அப்பால் படகு என்றே எழுதுவது எமக்கு உடன்பாடு. சொல்லின் வரலாற்றை எழுத விரும்பினால் மேற்கூறியவாறு முழுமையாக எழுதட்டும். தமிழகக் கரையிலேயே கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரம் மேலும் அருகிவிட்ட இக்காலத்தில், கட்டைகளைப் பிணைக்கும் முறையைத் தமிழில் நான்கு வரி எழுதத் தெரியாமல், சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பெருமை பேசுவதில் பொருளில்லை.

கலத்தின் பெயரில் இத்துணைக் கண்டிப்பு வேண்டுமோ எனக் கேட்பார்க்கு ப. சிங்காரத்தைக் காட்டலாம். மேடானில் வாழ்ந்து திரும்பிய அவர், 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) என்னும் இரு நாவல்களைத் தந்தார். இரண்டாவது நாவலில் நீரிணையைக் கடக்கும் கலத்தை அவர் தொங்கான் என்றே எழுதினார். அது இக்கடலின் சொல். மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் பொதுவாகப் புழங்கியது. அச்சொல் வந்த கணத்திலேயே நாம் வங்கக் கடலை விட்டு மலாக்கா நீரிணைக்குள் வந்துவிடுகிறோம். கப்பல் என்னும் தமிழ்ச்சொல் மலாயில் 'காப்பால்' ஆனதும், தொங்காங் தமிழில் தொங்கான் ஆனதும் இந்த நீரில் நடந்த கொடுக்கல் வாங்கல்கள். தமிழில் இந்த நீரிணையின் புயலைப் படிக்க விரும்பும் மாணவருக்கு இன்றும் அந்நாவலையே கையில் கொடுக்கிறோம். அதை எழுதியவர் இந்நாட்டினர் அல்லர் என்பதை எண்ணும்போது, கடல் கடந்து வந்த ஒரு சமூகம் ஏன் கடலை எழுதவில்லை என்ற வினா எழுகிறது. ரப்பர்த் தோட்டத்தை நாம் எழுதினோம், நன்றாகவே எழுதினோம். 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை நம்மவரை ஏற்றி இறக்கியது. அதன் மேல்தளத்தில் பல இரவுகள் படுத்துக் கிடந்தவர் பெயரர்களுக்குச் சொன்னவை பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே போயின.

பயணக் கட்டுரைக்கு நல்ல முன்மாதிரி நம்மிடம் இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றி வந்து எழுதியவற்றில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்; கண்ட இடமும் சந்தித்த மனிதரும் கிடைப்பர். வருணனை குறைவு, செய்தி மிகுதி. நம் தீவுக் கட்டுரைகளில் 'நான்' பத்து முறையும் 'மகிழ்ச்சி' பதினைந்து முறையும் வருகின்றன. படகோட்டி ஒருமுறையும் வருவதில்லை. பாயார் தீவைச் சூழ்ந்த கடல் 1994 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுகிறது. 2010 இல் நீர் வெப்பமேறிப் பவளங்கள் வெளிறியபோது அங்கே முக்குளிப்பிடங்கள் சில மூடப்பட்டன. பவளத்தைக் 'கண்கொள்ளாக் காட்சி' என்று எழுதிய மாணவருக்கு, அது உயிருள்ளது, வெளிறக்கூடியது என்பதைச் சொல்லியிருந்தால் அடைமொழிக்குப் பதில் ஒரு செய்தி கிடைத்திருக்கும்.

மாணவர் தாமாகவே உண்மையை எழுதும் தருணங்களும் உண்டு. அப்போது சிவப்பு மை குறுக்கிடுகிறது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தரையிறங்கிய பின்னும் தரை ஆடியது என்றும், அம்மா புளிமிட்டாய் கொடுத்தும் குமட்டல் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அவ்விரண்டையும் அடித்துவிட்டு, அலைகளின் தாலாட்டில் மனம் மயங்கியது என்று மேலே எழுதப்பட்டிருந்தது. அந்த ஏட்டில் எழுத்தாளர் அந்தப் பிள்ளையே.

தொலைதூரத் தீவுகளை மட்டுமே தீவு என்று எண்ணுவதும் இப்பழக்கத்தின் ஒரு கூறுதான். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் படகில் எட்டக்கூடிய கெத்தாம் தீவில் வெண்மணற் கரை இல்லை. சேற்றின்மேல் கம்பம் நட்டு எழுப்பிய சீன மீனவர் வீடுகளும், மோட்டார் வண்டி புகாத பலகைப் பாதைகளும் உண்டு. நீர் வற்றும்போது ஊரே உயர்ந்துவிட்டதுபோல் தோன்றும். எழுதுவதற்கு இதனினும் நல்ல பொருள் எது? பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவோ நம் வரலாற்றின் வாயில். தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கிய தொழிலாளர் தோட்டங்களுக்கு அனுப்பப்படுமுன் நோய்த்தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்ட இடம் அது. பின்னர் 1969 முதல் 1993 வரை சிறையாயிற்று. அதன்பின் உல்லாச விடுதியும் எழுந்தது. அங்கே ஒருநாள் பொழுதுபோக்கி வந்து எழுதும் நம் மாணவர், தம் முன்னோர் இந்நாட்டில் முதலில் மிதித்த மண் அதுவாக இருக்கலாம் என்பதை அறியாமலே 'மணலில் ஓடி விளையாடினோம்' என்று எழுதிவிடக் கூடும்.

கேரித் தீவு இன்னும் அருகில், கோல லங்காட் வட்டாரத்தில் இருக்கிறது. மா மெரி பழங்குடியினரின் மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அத்தீவில் நம்மவர் தலைமுறைகளாகச் செம்பனைத் தோட்டங்களில் உழைத்துள்ளனர், தமிழ்ப்பள்ளியும் உண்டு. பாலம் இருப்பதால் அங்கே செல்லப் படகும் வேண்டா. அத்தீவுப் பிள்ளைக்கும் 'தீவுக்கு ஒரு சுற்றுலா' என்றே தலைப்புத் தருகிறோம். அப்பிள்ளை லங்காவியைப் பற்றி எழுதித் தருகிறது.