தூரிகையிலிருந்து திரைச் சிற்பத்துக்கு: உடற்கூறும் மரபோவியனும்

தூரிகையிற் பயின்ற ஓவியனொருவன் கணினித் திரையில் உருவங்களைச் செதுக்க முற்படும்போது, அவன் கற்பது புதிய கருவியொன்றின் பயன்பாட்டை மட்டுமன்று. மனித உடலை நோக்கும் வேறொரு முறையையுமாகும். 1999 இல் அறிமுகமான சீபிரஷ், 2002 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட பிளெண்டர் முதலிய மென்பொருள்கள் இம்முயற்சியைப் பலருக்கும் எட்டச் செய்துள்ளன. கருவியே உருவைத் தருமாயின் உடற்கூற்றறிவு எதற்கு என்பார் ஒரு சாரார். அவ்வறிவு மரபோவியத்தைக் கெடுக்கும் என்பார் மறுசாரார். இரு கூற்றுகளும் ஆராயற்பாலன.

ஓவியம் ஒரு பக்கத்தையே காட்டுவது. தோளின் பின்புறத்தை ஓவியன் நிழலாலும் ஆடையாலும் மறைத்துவிடலாம். திரையிற் சுழலும் உருவமோ அதற்கு இடந்தராது. முன்னிருந்து நோக்குகையிற் செம்மையாகத் தோன்றிய தோள், உருவைத் திருப்பியதும் உடலோடு ஒட்டாது நிற்பதுண்டு. தோட்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மீது வழுக்கி இயங்குவது. கை உயரும்போது அதுவும் உடன் திரும்புவது. இதனை அறியாதவனுக்குக் குறை புலப்படினும் அதன் காரணம் புலப்படாது.

மேலும், மெய்யான களிமண்ணுக்குப் பாரமுண்டு. தாங்குசட்டம் இன்றேல் அது சரியும். திரைக் களிமண் சரிவதில்லை. ஒருபுறம் செதுக்கியதை மறுபுறமும் பதிக்கும் சமச்சீர் வசதியும் அங்குண்டு. ஆனால், ஒரு காலிற் பாரத்தை ஊன்றி நிற்கும் மனிதனின் இடுப்பு அப்புறம் உயர, தோள் தாழ்கின்றது. இதனைக் கருவி கற்பிப்பதில்லை.

உடற்கூறே கலையின் முடிவென்று கொள்வதும் பொருந்தாது. பிரெஞ்சுச் சிற்பி ஊதோன் 1767 இல் ரோமில் ஆக்கிய தோலுரித்த மனித உருவம், ஸ்நாபக அருளப்பர் சிலைக்கான ஆயத்தமேயாகும். ஆங்ர் 1814 இல் தீட்டிய ‘பெரிய ஒடாலிஸ்க்’ ஓவியத்துப் பெண்ணுக்கு முள்ளந்தண்டென்புகள் மிகையாக உள்ளனவென்று விமர்சகர் கண்டித்தனர். எனினும் அந்த நீட்சியே அவ்வோவியத்தின் வளைகோட்டைத் தாங்குகின்றது. நமது சிற்ப நூல்கள் உத்தம தசதால உருவை 124 அங்குலக் கூறுகளாக வகுத்தமையும் உடலை அறியாமையாலன்று. தெய்வ உருவுக்கு வேறோர் அளவை வேண்டியமையால் எனலே தகும்.

இன்று மென்பொருளோடு கிடைக்கும் ஆயத்த உருவங்களிலிருந்து தொடங்குவோர் பலர். பிறரொருவர் தீர்மானித்த இளமையும் கட்டுடலுமே ‘மனித உடல்’ என்றாகிவிடும் அபாயம் இதிலுண்டு. நாற்று நட்டுக் குனிந்த முதுகுக்கும், முதுமையாற் சரிந்த தோளுக்கும் அங்கு இடமில்லை. என்பும் தசையும் இயங்கும் முறையறிந்த ஓவியனே அவ்வுடல்களையும் ஆக்க வல்லான். மரபின் அளவையை ஏற்பதாயினும் மீறுவதாயினும் அறிந்தே செய்பவனும் அவனே. அவன் உடற்கூற்றைக் கற்பது மரபைக் கைவிடுதற்கன்று, கருவிக்கு அடிமையாகாதிருத்தற்கேயாம்.