‘மிஸ்ஸியம்மா’வில் களவும் கற்பும்

எல். வி. பிரசாத் இயக்கி 1955-ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ சிறந்த நகைச்சுவைப் படமென்றே போற்றப்பெறுகின்றது. அந்நகைச்சுவையினூடே ஓர் இளம்பெண் தன் உள்ளத்தைத் தானே அறிந்துகொள்ளும் வரலாறும் அமைந்துள்ளது. அதனை அகத்திணை மரபொடு பொருத்தி ஈண்டு ஆராய்வாம்.

மேரி கிறித்தவப் பெண். கடன்கொடுத்த டேவிட் அவளை மணக்க விரும்பி நெருக்குகின்றான். வேலையோ கணவன் மனைவியராகிய பட்டதாரிகட்கே உண்டு. ஆகவே, பாலு என்னும் இந்து இளைஞனின் மனைவியாக நடித்து ஊர்ப்புறப் பள்ளியொன்றில் பணியேற்கின்றாள். இப்பொய்யின் தேவை பழங்கதையன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலை நாடி வரும் பெண் தனியளாயின், அவளுக்கு வீடு தரத் தயங்குவார் இன்றும் உளர்.

களவு முந்தக் கற்புப் பிந்துதல் அகப்பொருள் நெறி. இப்படத்தில் அம்முறை தலைகீழாகின்றது. இல்லறத்தின் தோற்றம் முன்னே நிற்க, காதல் பின்னே வருகின்றது. விளைவு யாது? பாலு சீதையொடு நெருங்கிப் பழகக் கண்டு மேரி சினக்கின்றாள். மருதத்துத் தலைவிக்கு ஊடும் உரிமையுண்டு. மேரிக்கு அஃது இல்லை. உரிமையின்றி ஊடுகின்றாள், ஊடிய பின்னரே அவ்வுரிமை தனக்கு வேண்டும் என்று உணர்கின்றாள். அவள் பேதைமை நீங்கி முதிரும் இடம் இதுவே. சாவித்திரி இதனை உரையாடலால் அன்றி முகக்குறிப்பாலேயே புலப்படுத்துகின்றார். முதலில் இவ்வேடத்தை ஏற்றிருந்தவர் பானுமதி. அவர் சினத்தில் வீறு மிக்கிருக்கும். இத்தடுமாற்றம் இருந்திருக்குமா என்பது ஐயமே.

முடிவுதான் நமக்கு உடன்பாடன்று. மேரி உண்மையில் ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமி என்பது காலிலுள்ள மச்சத்தால் தெளிவாகின்றது. சமயத் தடையும் உடன் அகல்கின்றது. தாயும் தந்தையும் எவ்வழி உறவினர் என்று ஆராயாமலே நெஞ்சு கலந்த காதலரைக் குறுந்தொகை காட்டும். அத்துணிவு இக்கதைக்கு இல்லை. மேரி மேரியாகவே பாலுவை மணந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்னும் வினாவை மச்சம் மறைத்துவிடுகின்றது. எனினும், மச்சம் காணப்படுமுன்னரே ஊடல் நிகழ்ந்துவிட்டது. ஊடியவள் மகாலட்சுமியல்லள், மேரியே. 1957-இல் மீனாகுமாரி நடிக்க ‘மிஸ் மேரி’ என இந்தியில் இக்கதை மீண்டும் படமானபோதும் இம்முடிவை மாற்ற எவரும் முனைந்திலர்.