பூத்துப்போன பேட்டரி

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு ஓசை. கார் செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போடும் முன் பானட்டைத் திறந்து பார்ப்பவருக்குப் பல நேரம் விடை அங்கேயே பூத்திருக்கும்: பேட்டரி முனையில் வெள்ளையும் மயில்நீலமுமாகப் படிந்த பொருக்கு. பார்க்க அழகுதான், ஆனால் மின்சாரத்தை மறிக்கும். கையுறை போட்டு, 10 எண் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்ற வேண்டும். மாட்டும்போது வரிசை தலைகீழ். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை முனைமேல் மெல்ல விட்டால் பொருக்கு சுர்ரென்று நுரைக்கும். அந்த நுரை அடங்கும்வரை பொறுத்திருப்பதில்தான் வேலையின் ருசியே. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, மங்கிக் கிடந்த ஈயம் சாம்பல் பளபளப்போடு வெளிவரும். ஈரம் துடைத்து முடுக்குவதிலும் கைப்பக்குவம் உண்டு. ஈயம் மென்மையானது, கிளாம்ப் ஆடாத அளவு முடுக்கினால் போதும். மேலே விரல்நுனியால் கொஞ்சம் வாஸ்லின்.

அதற்கும் மசியாவிட்டால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போடத்தான் வேண்டும்.