எண்ணப்படாத சாவுகள்

"குதிரை லாயத்திலும் சாகிறது. பந்தயத்தை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" பந்தய ஆதரவாளர்களின் இந்த வாதத்தில் பாதி உண்மை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வண்டிக் குதிரைக்கும் இதே கதிதான்.

ஆனால் நாலுகால் பாய்ச்சலில் ஒற்றை முன்காலின் மீது உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேலான சுமை விழுகிறது. எலும்பில் முன்பே சேர்ந்துவிட்ட நுண்விரிசல் அப்போதுதான் முறிவாகிறது. இதை விதி என்று விட முடியாது. அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டத்துக்கு 2.00 ஆக இருந்த சாவு, 2023இல் 1.32 ஆகக் குறைந்தது. குறைக்க முடிந்தது என்றால், முன்பு செத்தவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்க முடியும்.

அந்தக் கணக்கும் முழுமையானதல்ல. ஓடிய 72 மணி நேரத்துக்குள் நேரும் சாவே அதில் சேரும். 2006 மே மாதம் ஓட்டத்தில் கால் முறிந்து, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்ட பார்பரோ போன்ற குதிரைக்கு அதில் இடமில்லை. பயிற்சியில் சாவதற்கும் இல்லை. 2025இல் ஐதராபாத் பந்தயக் குதிரைகள் 57, ஜபல்பூருக்கு லாரிகளில் கொண்டுபோகப்பட்டன. மே 13க்குள் எட்டு இறந்தன. இவற்றை எந்த மைதானத்தின் பெயரில் எழுதுவது?

சென்னை கிண்டி பந்தய மைதானத்துக்கும் பெங்களூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை ஏற்றிய லாரி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள். இந்தச் சாலையில் அந்த வேகத்தில் போகும் லாரியைக் காட்டுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இந்த ஆபத்தைப் பந்தயத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பந்தயம் இல்லையென்றால் அந்தப் பயணமே இல்லை.

1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை விளையாட்டு என்றது. வழக்கு சூதாட்டத்தைப் பற்றியது. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்குச் சீல் வைக்கப்பட்டது குத்தகை பாக்கிக்காக. இரண்டு இடத்திலும் குதிரையின் உயிர் வழக்குப் பொருளாக இல்லை.

எனவே, லாயத்துச் சாவைக் காட்டிப் பந்தயச் சாவை நியாயப்படுத்தும் வாதம் நிற்காது. ஓட்டம், பயிற்சி, பயணம், ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வு என நான்கிலும் நேரும் சாவுகளைப் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு ஆண்டுதோறும் வெளியிடாத சங்கத்துக்குப் பந்தய உரிமம் தரக் கூடாது.