மகா மசானத்தில் நாலு பேர்

புதுமைப்பித்தனின் 'மகா மசானம்' கதையைப் பற்றிப் பேச்சு வந்தால், நகரத்தின் இரக்கமின்மையைச் சொல்லும் கதை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் அப்படிச் சொன்னதுமே கதை நம்மைவிட்டு ரெண்டடி தள்ளிப் போய்விடுகிறது. 'நகரம்' என்று பொதுவாகத் திட்டினால் அதில் யாருக்கும் பங்கில்லை, பாருங்கள்.

கதை எளிமையானது. சென்னையின் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு பிச்சைக்காரர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். கூட்டம் தன்பாட்டுக்குப் போகிறது. ஒருவர் தன் குழந்தையோடு வந்தவர், மாம்பழத்துக்குப் பேரம் பேசுகிறார். அந்த இடைவெளியில் குழந்தை, சாகிறவரைப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

வாசிக்கும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம்? பெரும்பாலும் குழந்தையின் பக்கம். அது இன்னும் கெட்டுப்போகாதது, அதனால் அதற்குக் கண் தெரிகிறது என்று நினைத்து நெகிழ்கிறோம். எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. குழந்தை பார்ப்பதற்கு முக்கியக் காரணம் கருணையா? அதற்கு வேலை இல்லை, அவசரம் இல்லை. அதன் உயரமும் நடைபாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எங்கும் புனிதமாக்காமல் விட்டிருப்பதுதான் புதுமைப்பித்தனின் கறார். கதை முடிந்ததும் ஆளுக்கொரு குழந்தையாக மாறிக்கொள்வது நம் சாமர்த்தியம். நிஜத்தில் நாமெல்லாம் அந்த அப்பா. அவர் கெட்டவரும் இல்லை. நல்ல பழமாகப் பார்த்து வாங்கத் தெரிந்த மனுஷர்.

தலைப்பையும் கவனிக்க வேண்டும். காசிக்கு மகா மயானம் என்று ஒரு பெயர் உண்டு. அங்கே செத்தால் மோட்சம் என்பது நம்பிக்கை. அந்தப் பெயரைத் தூக்கி மவுண்ட் ரோட்டின் மேல் வைக்கிறார். காசியில் சாவு ஊரின் நடுவே நடக்கிறது, எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது. இங்கேயும் ஊர் நடுவேதான், ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

நான் வலங்கைமான்காரன். இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பாடைக் காவடியை மறந்துவிட்டு என்னால் படிக்க முடிவதில்லை. நோயில் விழுந்து பிழைத்தவர்கள், பங்குனியில் மகாமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி, குடமுருட்டியில் குளித்துவிட்டு உயிரோடு பாடையில் படுப்பார்கள். முன்னால் ஒருவர் கொள்ளிச்சட்டி எடுக்க, உறவுக்காரர்கள் தோள் கொடுத்துக் கோவிலுக்குத் தூக்கிப் போவார்கள். பிழைத்த ஒருவரைச் செத்தவர்போல் ஊரே நின்று பார்க்கும். மவுண்ட் ரோட்டில் இது அப்படியே தலைகீழ்: நிஜமாகவே சாகிறவரைப் பார்க்க ஆளில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் அதிகம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பாடையில் படுப்பவருக்கு வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, தோள் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள். பார்வை அவற்றின் பின்னால் வருகிறது.

ஆகவே கதையில் நான் தேடிப் போவது அந்த இரண்டாவது பிச்சைக்காரரை. விமர்சனங்களில் அவர் பின்னணிப் பொருள்போல நிற்கிறார். ஆனால் கதையில் வேலை செய்கிற ஒரே ஆள் அவர். குழந்தை வேடிக்கை பார்க்கிறது, அப்பா பேரம் பேசுகிறார், நாம் நெகிழ்கிறோம். அவர் கூட இருக்கிறார். நாலு தோள் வேண்டிய இடத்தில் ஒற்றைக் கை.

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) இந்த மனிதரிடமிருந்து தொடங்குவதுபோல எனக்குப் படும். பழனியைச் சுற்றிய பிச்சைக்காரர்களை முதலாளிகள் 'உருப்படி' என்று எண்ணுகிறார்கள். நாவலோ அவர்களுக்குப் பெயரும் பேச்சும் நக்கலும் கொடுக்கிறது. 'மகா மசானம்' நடந்து போகிறவரின் கண் மட்டத்திலேயே நிற்கிறது. சாகிறவர் எங்கிருந்து வந்தார், எப்படி இங்கே விழுந்தார் என்று நமக்குத் தெரிவதே இல்லை. இது கதையின் எல்லை. அதே எல்லைதான் அதன் நேர்மையும்: கடந்து போகிறவருக்கு அதற்கு மேல் தெரியாது.

அரசும் இப்படித்தான் பார்த்தது. 1945இல் சென்னை மாகாணம் பிச்சை எடுப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. பார்வையிலிருந்து அகற்றுவது ஒரு தீர்வாகியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28ஆம் தேதி, ஒரே ஒரு இரவில். நடைபாதை, பாலத்தடி, மாடிப்படிக்கு அடியில், பெரிய குழாய்களுக்குள், ரயில்வே பிளாட்ஃபாரம் என்று தேடி, நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்றார்கள். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நல்ல உத்தரவு. படுக்கையை எண்ணலாம், கட்டலாம். கூட இருக்கிறவரை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இன்று வசதியான பேட்டைகளில் கடை வாசலில் யாரும் படுக்காதபடி கம்பி முளைகளைப் பதிக்கிறார்கள். மேம்பாலத்தடியில் வேலி போட்டுச் செடி வைக்கிறார்கள். அந்த அப்பா முகத்தைத் திருப்பவாவது வேண்டியிருந்தது. இனி அதுவும் வேண்டாம், வடிவமைப்பே திருப்பிவிடும். புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல். அவர் காலத்து நடைபாதையில் சாகவாவது இடம் இருந்தது. இந்தக் கதையை இப்போது படிப்பவர்கள் குழந்தைக்காக நெகிழ்ந்து முடித்துக்கொள்ளாமல், அந்த இரண்டாவது ஆள் இன்று எங்கே உட்கார முடியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.