பேசாத கார்கள்

லாரிக்கு முன்னால் போகிற கார் திடீரென்று பிரேக் போட்டால், லாரிக்குப் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கார்கள் தங்களுக்குள் ரேடியோவில் சொல்லிக்கொண்டால் பிழைப்பார். இதற்காக அமெரிக்காவின் எஃப்.சி.சி. என்னும் தகவல்தொடர்பு ஆணையம் 1999-ல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. ஆனால் காருக்குக் கார் கருவி கட்டாயம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு காரில் மட்டும் வைத்தால் அது யாரோடு பேசும்? 2016 டிசம்பரில் போக்குவரத்துத் துறை விதி ஒன்றை முன்மொழிந்தது, 2023-ல் வாபஸ். இடையில், 2020-ல், 'சும்மாதானே கிடக்கிறது' என்று 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்றவற்றுக்குத் திறந்துவிட்டார்கள். சும்மா கிடந்தது வாஸ்தவம்தான். குழாயே போடாமல், 'யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை' என்று தொட்டியைப் பிடுங்குவது என்ன நியாயம் சார்? கார்களுக்கு மிச்சம் 30. கருவியைக் கட்டாயமாக்காவிட்டால் அதையும் ஒருநாள் கேட்டு வருவார்கள்.