'காக்கா முட்டை' திரைப்படத்தில் இலவசத் தொலைக்காட்சி: காத்திவாக்கத்திலிருந்து ஒரு வாசிப்பு

திறவுச்சொற்கள்: இலவசத் தொலைக்காட்சி, காக்கா முட்டை, வடசென்னை, ஷிப்டு வேலை, பெண்களின் ஓய்வு

முன்னுரை

2006ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் அளித்த வாக்குறுதியின்படி, தொலைக்காட்சி இல்லாத குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் தொடங்கப்பெற்றது. அரசியல், பொருளியல், சட்டம் ஆகிய தளங்களில் இத்திட்டம் மிகுதியாக விவாதிக்கப்பட்டுள்ளது. பெட்டி வீட்டினுள் நுழைந்தபின் நேர்ந்தது என்ன என்னும் வினா அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. ம. மணிகண்டன் இயக்கத்தில் 2015 ஜூனில் திரைக்கு வந்த 'காக்கா முட்டை' அவ்வினாவை எழுப்பிய படைப்புகளுள் ஒன்று. சிறந்த குழந்தைகள் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்ற இப்படம் இலவசத் தொலைக்காட்சியை எவ்வாறு காண்கிறது, எதைக் காணாது விடுகிறது என்பதைக் காத்திவாக்கத்து வீட்டு வாழ்வோடு ஒப்பவைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆசையின் வாயில்

படத்தின் குடும்பம் சென்னைக் குடிசைப் பகுதியில் வாழ்கிறது. தந்தை சிறையில் இருக்கிறார். சிறுவர் இருவரும் தண்டவாள ஓரத்தில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கின்றனர். உணவுக்கே தட்டுப்பாடான அவ்வீட்டிற்கு அரசின் தொலைக்காட்சி வந்துசேர்கிறது. அதில் தோன்றும் பீட்சா விளம்பரம் சிறுவர்களின் ஆசையைக் கிளறுகிறது. நாளெல்லாம் கரி பொறுக்கினால் கிடைக்கும் சில்லறைக்கும் ஒரு பீட்சாவின் விலையான 299 ரூபாய்க்கும் இடையிலான தொலைவே கதையாகிறது. தேவையை நிறைவேற்ற வேண்டிய அரசு, தேவையற்ற ஆசையை வீட்டிற்குள் அனுப்பிவைக்கிறது என்னும் அங்கதம் இதில் வெளிப்படை. உலகமயமாக்கலின் மீதான விமர்சனமாகப் படத்தைக் காண்போர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர்.

அவ்வாசை அடுத்துச் செல்லும் இடமும் ஆய்வுக்குரியது. பேரப்பிள்ளைகளின் ஏக்கத்தைக் கண்ட பாட்டி, துண்டுப் பிரசுரத்தில் உள்ள படத்தைப் பார்த்துத் தோசைமாவில் பீட்சா செய்து தர முயல்கிறாள். திரையில் சில நொடிகள் தோன்றி மறைந்த பிம்பம், அடுப்படியில் ஒரு முதியவளின் உழைப்பாக மாறுகிறது. சிறுவர்களுக்குப் பொழுதுபோக்காக வந்தது பாட்டிக்குக் கூடுதல் வேலையாயிற்று. இறுதியில் உண்மையான பீட்சாவைச் சுவைத்த சிறுவர்கள் பாட்டியின் தோசையே மேல் என்கின்றனர். அம்முடிவு பாட்டியின் கைப்பக்குவத்தைப் பாராட்டுகிறது. அவளது உழைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. கதையை நகர்த்தும் பார்வை சிறுவர்களுடையது. தாயும் பாட்டியும் தமக்காகத் தொலைக்காட்சி முன் அமர்வது படத்தின் அக்கறையாக இல்லை. தந்தையும் வீட்டில் இல்லாமையால், ஒரே அறையில் பெரியவர்களும் சிறியவர்களும் பெட்டியைப் பகிர்ந்துகொள்வதில் எழும் சிக்கல் படத்திற்குள் வர வாய்ப்பில்லாமற் போயிற்று.

ஒலியற்ற தொடர்

அச்சிக்கலைக் காண்பதற்குக் காத்திவாக்கம் பொருத்தமான இடம். எண்ணூரை ஒட்டிய இவ்வூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்தது. அசோக் லேலண்டு ஆலையும், 1970இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும் இப்பகுதியின் நாளை ஷிப்டுகளாகப் பிரித்தன. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், மீனவர் எனப் பலரும் வாழும் தெருக்களில் ஒரு வீட்டின் பகல் அடுத்த வீட்டின் இரவாக இருப்பது இயல்பு.

இக்கட்டுரையாளர் வளர்ந்த தெருவில் இலவசத் தொலைக்காட்சி பெரும்பாலும் ஒற்றை அறையில், அலமாரியின் மேலோ ஸ்டூலின் மேலோ வைக்கப்பட்டிருந்தது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் அதே அறையில் பகலில் உறங்குவார். நண்பகல் தொடர் ஓடும் நேரமும் அதுவே. பெண்கள் ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பர். விட்டுப்போன உரையாடலை மாலையில் தண்ணீர்க் குழாயடியில் ஒருவரிடம் ஒருவர் கேட்டு நிரப்பிக்கொள்வர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் "அப்பா தூங்குகிறார்" என்னும் ஒரு சொல்லில் அடங்குவர். இவை நேர்காணல் தரவுகள் அல்ல, வாழ்ந்து கண்டவை. ஆயினும் தொலைக்காட்சி ஓய்வைத் தானாகத் தந்துவிடுவதில்லை என்பதை இவை காட்டுகின்றன. அவ்வீடுகளில் ஓய்வு என்பது பிறர் உறக்கத்திற்கும் சமையலுக்கும் இடையே பெண் தேடி எடுத்துக்கொண்ட நேரம். அதற்கும் ஒலியை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

விலையும் விலையின்மையும்

பெட்டி இலவசமாக வந்தது. அதனோடு இணைக்கும் கேபிள் இலவசமன்று. மாதந்தோறும் கட்டணம் செலுத்தினால்தான் விரும்பிய தொடரைக் காண இயலும். 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியது, இச்செலவும் அரசின் அக்கறைக்குரியது என்பதைக் காலம் தாழ்த்தி ஒப்புக்கொண்டதற்கு நிகர். ஒருமுறை வழங்கப்பட்ட கொடை, வீட்டுக் கணக்கில் மாதச் செலவாக நிலைபெற்றது. அச்செலவை வீட்டுச் செலவுக்குள் அடக்கும் பொறுப்பும் பெரும்பாலும் பெண்ணிடமே சேர்ந்தது.

2011இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கியது. 'இலவசம்' என்ற சொல்லின் இடத்தில் 'விலையில்லா' என்பது அரசு வழக்காயிற்று. அரைக்கும் கருவி பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் என்பதால் எளிதில் நியாயம் பெற்றது. தொலைக்காட்சியோ சோம்பலை வளர்ப்பது, வாக்குக்கான கையூட்டு என இகழப்பட்டது. ஏழைப் பெண்ணின் வேலையை எளிதாக்குவது நலத்திட்டம், அவளுக்குப் பொழுதுபோக்கு அளிப்பது வீண்செலவு என்னும் பாகுபாடு இவ்விகழ்ச்சியின் அடியில் உள்ளது. குடும்பப் பெண்களுக்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும் அளிப்பதே தொலைக்காட்சித் திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. இவ்வழங்கல்களை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகா என 2013 ஜூலை 5 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. தேர்தல் அறிக்கைகள் குறித்து நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தையும் பணித்தது. கொடுத்தது முறையா என்னும் வினா இவ்வாறு நீதிமன்றம் வரை சென்றது. கொடுத்தது கூறிய நோக்கத்தை எய்தியதா என்பதற்கு விடை வீட்டினுள்தான் உள்ளது.

முடிவுரை

'காக்கா முட்டை' இலவசத் தொலைக்காட்சியை ஆசை நுழையும் வாயிலாகக் கண்டது. அது கூர்மையான பார்வை. எனினும் பாதிப் பார்வை. நுகர்வாசையைத் தூண்டும் என்பதற்காக மட்டுமே அப்பெட்டியைக் குறைகூறினால், ஏழைக் குடும்பத்திற்குப் பொழுதுபோக்கே தேவையில்லை என்போரின் பக்கம் நாமும் சாய நேரும். பெண்ணின் பொழுதுபோக்கை அரசின் கடமைகளுள் ஒன்றாகக் கருதியது அத்திட்டத்தின் சிறப்பு; பெட்டி வந்தால் பொழுதும் வந்துவிடும் என எண்ணியது அதன் குறை. தனி அறை, பகிர்ந்துகொள்ளப்படும் வீட்டுவேலை, அவளுக்கென்று ஒரு மணிநேரம் ஆகியவை எந்த வழங்கல் பட்டியலிலும் இடம்பெறவில்லை. காத்திவாக்கத்துப் பெண்கள் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்த தொடர்கள் இவ்விடைவெளிக்குச் சான்று. இலவசங்களைப் பற்றிய திறனாய்வு, பொருளின் விலையோடு அப்பொருளைப் பயன்கொள்வதற்கான நேரம் யாரிடம் இருந்தது என்பதையும் இனிக் கணக்கில் கொள்ள வேண்டும்.